நான்காம் வகுப்பு வாக்கியக் கணக்குகள்: "இது கூட்டலா, கழித்தலா?" என்று கேட்கும் குழந்தைக்கு எப்படி உதவுவது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை வாசகி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்கு அருகே குடியிருக்கிறோம். என் மகள் எல்.பி. பள்ளியில் தமிழ்வழியில் நான்காம் வகுப்புப் படிக்கிறாள். மூன்றிலக்க எண்களைக் கடன் வாங்கிக் கழிப்பதும், இரண்டிலக்கப் பெருக்கலும் அவளுக்கு நன்றாகவே வரும். வாய்ப்பாட்டையும் தடுமாறாமல் சொல்வாள். ஆனால் அதே கணக்கை நான்கு வரியில் எழுதிக் கொடுத்துவிட்டால், வரிகளைப் படிக்காமல் எண்களை மட்டும் பார்த்துவிட்டு, "அம்மா, இது கூட்டலா, கழித்தலா?" என்று கேட்கிறாள். நான் சொல்லிவிட்டால் உடனே போட்டுவிடுகிறாள். சொல்லாவிட்டால் அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறாள்.

இந்த வாரம் வந்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். "தோப்பில் பறித்து வைத்த தேங்காய்களில் 175 தேங்காய்களை வியாபாரி எடுத்துச் சென்ற பிறகு 248 தேங்காய்கள் மீதம் இருந்தன. முதலில் இருந்த தேங்காய்கள் எத்தனை?" அவள் எழுதிய விடை 73. ஏன் கழித்தாய் என்று கேட்டதற்கு, "மீதம் என்று வந்தால் கழிக்க வேண்டும்" என்றாள். மாலை வகுப்பில் அப்படித்தான் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்: மொத்தம் என்றால் கூட்டல், மீதம் என்றால் கழித்தல், தலா என்றால் பெருக்கல், சமமாக என்றால் வகுத்தல். பட்டியலை மனப்பாடமாகச் சொல்கிறாள். இருந்தும், நான்கு கூடைகளில் தலா 25 மாங்காய்கள் என்ற கணக்குக்கு 29 என்று விடை எழுதினாள்.

வீட்டில் தமிழ் பேசுகிறோம். தெருவில் விளையாடும்போது அவள் பேசுவது பாதி மலையாளம். பாடநூலின் எழுத்துத் தமிழ் இரண்டிலிருந்தும் சற்று விலகியே நிற்கிறது. குறை மொழியிலா, கணக்கிலா என்பதே எனக்குப் பிடிபடவில்லை. நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கான எல்.எஸ்.எஸ். உதவித்தொகைத் தேர்வும் இந்த ஆண்டு வருகிறது. பயிற்சிக் கணக்குகளை இன்னும் கூட்டிக் கொடுப்பதால் பயன் உண்டா, அல்லது வேறு வழியில் தொடங்க வேண்டுமா என்று அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

மறுமொழி 1: மூணாறு ஆசிரியை

வணக்கம் சகோதரி. தேயிலைத் தோட்டப் பகுதிப் பள்ளி ஒன்றில் தொடக்க வகுப்புகளுக்குத் தமிழ்வழியில் பாடம் எடுக்கிறேன். நீங்கள் எழுதியிருப்பது என் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் காண்பதுதான். பயிற்சிக் கணக்குகளை இப்போது கூட்ட வேண்டாம் என்பதே என் முதல் சொல். குழந்தை எந்த இடத்தில் நின்றுவிடுகிறாள் என்று தெரியாத நிலையில் கணக்குகளைக் கூட்டினால், பட்டியலைப் பார்த்து விடை ஊகிக்கும் பழக்கம்தான் மேலும் வலுப்படும்.

ஆஸ்திரேலியாவில் ஆன் நியூமன் என்ற ஆசிரியர் 1977இல் ஒரு முறையை வெளியிட்டார். வாக்கியக் கணக்கில் தவறிய குழந்தையை மீண்டும் அதே கணக்கோடு உட்கார வைத்து, வரிசையாக ஐந்து காரியங்களைச் செய்யச் சொல்ல வேண்டும். கணக்கை வாய்விட்டு வாசிக்கச் சொல்ல வேண்டும். என்ன கேட்கப்பட்டிருக்கிறது என்று சொல்லச் சொல்ல வேண்டும். எப்படிக் கண்டுபிடிக்கப் போகிறாய் என்று கேட்க வேண்டும். செய்து காட்டச் சொல்ல வேண்டும். கடைசியில் விடையை எழுதச் சொல்ல வேண்டும். குழந்தை எந்தப் படியில் முதன்முதலாகத் தடுக்குகிறாளோ அதுதான் நாம் கவனிக்க வேண்டிய இடம். இதில் கூட்டுவதும் கழிப்பதும் நான்காவது படியில்தான் வருகின்றன என்பதைப் பாருங்கள். உங்கள் மகளுக்கு நான்காவது படி நன்றாக வருகிறது. நாம் வீட்டில் மேன்மேலும் கொடுக்கும் பயிற்சியோ அந்த நான்காவது படிக்கே போகிறது.

நீங்கள் எழுதியதைக் கொண்டு பார்த்தால் அவள் இரண்டாவது, மூன்றாவது படிகளுக்கு இடையில் நிற்கிறாள் என்று நினைக்கிறேன். இதற்கு நான் வகுப்பில் செய்வது ஒன்று உண்டு. கணக்கில் உள்ள எண்களை மறைத்துவிடுவேன். "தோப்பில் பறித்து வைத்த தேங்காய்களில் சில தேங்காய்களை வியாபாரி எடுத்துச் சென்றார். இன்னும் சில மீதம் இருக்கின்றன." இவ்வளவுதான் பலகையில் இருக்கும். எண் இல்லாததால் கூட்டவும் முடியாது, கழிக்கவும் முடியாது. குழந்தைக்குக் கதையைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. முதலில் என்ன இருந்தது, நடுவில் என்ன நடந்தது, இப்போது என்ன இருக்கிறது என்று அவர்கள் தம் சொந்தப் பேச்சில் சொல்ல வேண்டும். அதன் பிறகு நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "முதலில் இருந்தது, இப்போது இருப்பதைவிடக் கூடவா, குறைவா?" கூடுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பதை இரண்டாம் வகுப்புக் குழந்தைகூடச் சொல்லிவிடும். அதற்குப் பிறகு 175, 248 என்ற எண்களைத் திறந்து காட்டினால், 73 என்ற விடையை அவளே ஏற்றுக்கொள்ள மாட்டாள். எடுத்துச் சென்றதையும் மீதியையும் சேர்த்து வைத்தால்தான் முன்பிருந்த குவியல் வரும் என்று 423ஐ அவளே கண்டுபிடிப்பாள்.

"கூட்டலா, கழித்தலா?" என்று அவள் கேட்கும்போது ஆம், இல்லை என்று எதுவும் சொல்லாமல், "கதையில் என்ன நடந்தது?" என்று திருப்பிக் கேளுங்கள். முதலில் சிணுங்குவாள். நீங்கள் பொறுமையாக இருந்தால் அந்தக் கேள்வியைத் தனக்குத் தானே கேட்டுக்கொள்ளத் தொடங்குவாள்.

மறுமொழி 2: கோபாலபுரம் வாசகர்

ஆசிரியை அவர்கள் சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்குக் கணிதம் கற்பித்தவன் என்ற முறையில், அந்தப் பட்டியலைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் தமிழக–கேரள எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் அது நன்மை என்றே நம்பப்படுகிறது.

பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரில், 1980ஐ ஒட்டி, கணிதக் கல்வி ஆய்வாளர்கள் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு கணக்கைக் கொடுத்தார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. மாலுமித் தலைவரின் வயது என்ன? 97 குழந்தைகளில் 76 பேர் கொடுத்திருந்த எண்களைச் சேர்த்து ஏதோ ஒரு விடையை எழுதிவிட்டார்கள். 36 வயது என்பதில் அவர்களுக்கு எந்தச் சங்கடமும் தோன்றவில்லை. அவர்கள் அறிவு குறைந்த குழந்தைகள் அல்லர். கணக்கு என்று கொடுத்தால் அதில் உள்ள எல்லா எண்களையும் பயன்படுத்த வேண்டும், விடை ஒன்று கட்டாயம் இருக்கும், பொருள் பார்க்கத் தேவையில்லை என்று பள்ளியே அவர்களுக்குச் சொல்லாமல் சொல்லிக் கொடுத்திருந்தது. சொல்லைப் பார்த்துச் செயலைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் செய்வதும் இதே வேலையைத்தான்.

அந்தப் பட்டியல் பாதிக் கணக்குகளில் சரியான விடையைக் கொடுத்துவிடுவதுதான் அதன் தீங்கு. ஒரு முறை பலித்த குறுக்குவழியைக் குழந்தை எளிதில் விடாது. ஒப்பிட்டுப் பார்க்கும் கணக்கில் அது அப்படியே கவிழ்ந்துவிடும். எடுத்துக்காட்டாக, "பால் சங்கத்தில் கண்ணன் 18 லிட்டர் பால் ஊற்றினார். அது முருகன் ஊற்றியதைவிட 6 லிட்டர் அதிகம். முருகன் ஊற்றியது எவ்வளவு?" அதிகம் என்றால் கூட்டல் என்று படித்த குழந்தை 24 என்று எழுதும். சரியான விடை 12.

இத்தகைய கணக்குகளுக்கு, அளவைக் காட்டும் நீண்ட கட்டமாகப் பட்டை வரையச் சொல்வதைப் போல உதவும் வழி வேறொன்றை நான் பார்த்ததில்லை. 1980களில் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் இதை ஒரு முறையாகவே வகுத்துப் பரப்பினார்கள். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். கண்ணனுக்கு ஒரு பட்டை, அதன் கீழே முருகனுக்கு ஒரு பட்டை. யாருடைய பட்டை நீளம்? இதுதான் முதல் கேள்வி. வாக்கியத்தை மீண்டும் படித்துக் கண்ணனுடையது நீளம் என்று குழந்தை முடிவு செய்த உடனே, கூடுதலாக நீண்டிருக்கும் துண்டில் 6 என்றும், முழு நீளத்தில் 18 என்றும் எழுதச் செய்யுங்கள். முருகனுடைய பட்டைக்குக் கேள்விக்குறி. அதற்குப் பிறகு எந்தச் செயல் என்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் தேங்காய்க் கணக்கும் ஒரே பட்டையில் அடங்கும்: ஒரு துண்டு 175, மறு துண்டு 248, முழுப் பட்டைக்குக் கேள்விக்குறி. நான்கு கூடை மாங்காய்க்கு ஒரே அளவுள்ள நான்கு கட்டங்கள் வரைந்து ஒவ்வொன்றிலும் 25 என்று எழுதினால், 29 என்று எழுதக் கை வராது.

படம் அழகாக இருக்க வேண்டும் என்று சில பெற்றோர் அடிக்கோலைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அது வேண்டாம், குழந்தையின் கவனம் கோட்டுக்குப் போய்விடும். எது பெரிது, எது சிறிது, எது தெரியாதது என்ற மூன்றும் தெரிந்தால் போதும். தேங்காயைத் தேங்காயாகவே வரைய உட்கார்ந்தாலும் வேலை நடக்காது.

மறுமொழி 3: குப்பம் தாத்தா

அம்மா, வணக்கம். ஆந்திரத்தில் சித்தூர் மாவட்டக் குப்பம் பகுதியில் இருக்கிறேன். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் கலந்து கேட்கும் ஊர். ஓய்வுக்குப் பிறகு பேரப் பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் கணக்குச் சொல்லித் தருகிறேன்.

மொழியிலா, கணக்கிலா என்று கேட்டிருந்தீர்கள். நம்மைப் போல எல்லையில் வாழும் பிள்ளைகளுக்கு இரண்டையும் பிரிப்பது கடினம். மேலே பட்டியலை முழுவதும் விட்டுவிடச் சொன்ன நண்பரிடம் எனக்குச் சிறு மாற்றுக் கருத்து உண்டு. தலா, வீதம், எஞ்சிய, பங்கிட்டு ஆகிய சொற்கள் பிள்ளைகளின் பேச்சில் வருவதில்லை. அவற்றின் பொருள் தெரியாமல் பட்டை வரையவும் முடியாது. ஆகவே அந்தச் சொற்களைக் கற்பிக்கத்தான் வேண்டும். ஆனால் கூட்டல் குறி, கழித்தல் குறி என்று குறிகளோடு சேர்த்துக் கற்பிக்காமல், பொருளைக் கையில் கொடுத்துக் கற்பிக்க வேண்டும். நான்கு கிண்ணங்களை வைத்து, "தலா மூன்று புளியங்கொட்டை போடு" என்று சொல்லுங்கள். போட்ட பிறகு அந்தச் சொல்லை அவள் மறக்க மாட்டாள். கதையைத் திருப்பிச் சொல்லும்போது அவள் மலையாளம் கலந்து சொன்னால் திருத்தாதீர்கள். இங்கே பிள்ளைகள் தெலுங்கில் யோசித்துத் தமிழில் எழுதுகிறார்கள். நடந்தது என்ன என்று மனத்தில் தெளிவாக இருந்தால், எழுதும் மொழியைப் பிறகு சீர்படுத்திக்கொள்ளலாம்.

வகுத்தல் கணக்குகளைப் பற்றி யாரும் எழுதவில்லை. பொருள் பார்க்காத பழக்கம் மிகத் தெளிவாகத் தெரிவது மீதி வரும் வகுத்தலில்தான். அமெரிக்காவில் 1983 வாக்கில் நடந்த தேசிய அளவிலான மதிப்பீட்டில், 13 வயது மாணவர்களிடம் 1,128 படைவீரர்களை ஏற்றிச் செல்ல, பேருந்துக்கு 36 பேர் என்றால், எத்தனை பேருந்துகள் தேவை என்று கேட்டார்கள். ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். ஆனால் 32 பேருந்துகள் என்று சரியாக எழுதியவர்கள் கால் பங்குக்கும் குறைவு. மற்றவர்களில் பலர் 31 பேருந்துகள், மீதி 12 என்று எழுதி நிறுத்திக்கொண்டார்கள். அந்த 12 பேர் எப்படிப் போவார்கள் என்று அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

எங்கள் பக்கம் மாங்காய் அதிகம் என்பதால் ஒரே வகுத்தலை நான் நான்கு விதமாகக் கேட்பேன். 50 மாங்காய்களைக் கூடைக்கு 8 வீதம் அடுக்கினால் எத்தனை கூடைகள் நிறையும்? 6. ஒன்றைக்கூட விடாமல் எடுத்துச் செல்ல எத்தனை கூடைகள் வேண்டும்? 7. நிறைந்த கூடைகள் போக எத்தனை மாங்காய்கள் மிஞ்சும்? 2. சரி, 50 ரூபாயை 8 பேர் சமமாகப் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு எவ்வளவு? 6 ரூபாய் 25 காசு. எண்களும் ஒன்றே, செயலும் ஒன்றே. விடை மட்டும் நான்கு. கேள்வியைப் படிக்காமல் விடை எழுத முடியாது என்பதைப் பிள்ளைகளே உணர்வதற்கு இது போல வேறொன்று எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் செய்யலாம். கணக்கைப் பிள்ளையே உண்டாக்க வேண்டும். 15 + 8 என்று எழுதிக் கொடுத்து, இதற்கு ஒரு கதை சொல் என்று கேளுங்கள். பிறகு அதே கதையில் வேறோர் எண் தெரியாமல் இருந்தால் எப்படிக் கேட்பாய் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விதான் கடினம். அதைச் செய்யத் தெரிந்த பிள்ளைக்கு உங்கள் தேங்காய்க் கணக்கு ஒரு பொருட்டாகவே இருக்காது.

நம் வீடுகளில் பாட்டிமார் போடும் பறவை விடுகதையை அவளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? மரத்தில் இருந்த பறவைகள் வழிப்போக்கனைப் பார்த்து, "நாங்களும், எங்களைப் போல இன்னொரு மடங்கும், எங்களில் பாதியும், அந்தப் பாதியில் பாதியும், உன்னையும் சேர்த்தால் நூறு" என்று சொல்லுமே, அதுவும் வாக்கியக் கணக்குதான். 36, 36, 18, 9, அவனோடு 1. நான்காம் வகுப்புக்குச் சற்றுப் பெரியது. ஆனால் ஊகித்துப் பார்த்து, கூட்டிப் பார்த்து, திருத்தித் திருத்தி வந்து சேரலாம். தேர்வுக்குக் கேட்காத கணக்கு என்பதால் பிள்ளைகள் பயமில்லாமல் உட்காருவார்கள்.

கேள்வியாளர்: கொழிஞ்சாம்பாறை வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எண்களை மறைத்துக் கதையைச் சொல்லச் சொன்னபோது, அவள் இவ்வளவு தெளிவாகச் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தேங்காய்க் கணக்கில் 73 வராது என்று அவளே சொல்லிவிட்டாள். பால் கணக்குக்குப் பட்டை வரைவதில் இன்னும் தடுமாற்றம் இருக்கிறது, ஆனால் யாருடைய பட்டை நீளம் என்று திரும்பிப் படித்துப் பார்க்கிறாள்.

ஒரு துணைக் கேள்வி. இரண்டு, மூன்று படிகளாகச் செய்ய வேண்டிய கணக்குகளில் முதல் படியின் விடையையே முழு விடை என்று எழுதி நிறுத்திவிடுகிறாள். அதற்கு என்ன செய்வது? மறைமுகமாக உதவி செய்யாமல் எப்படி அடுத்த படிக்கு நகர்த்துவது?

மறுமொழி 4: மூணாறு ஆசிரியை

சகோதரி, இத்தகைய கணக்குகளை முன்னிருந்து பின்னாகப் படிப்பதோடு, கடைசி வரியிலிருந்தும் தொடங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த தொழிலை வைத்து ஒரு கணக்குச் சொல்கிறேன். "ஒருவர் காலையில் 14 கிலோ, பிற்பகலில் 17 கிலோ கொழுந்து பறித்தார். 21 கிலோவுக்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் 2 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் என்றால், அவருக்குக் கிடைத்த கூடுதல் தொகை எவ்வளவு?"

கடைசி வரி தொகையைக் கேட்கிறது. தொகை தெரிய வேண்டுமானால் எது தெரிய வேண்டும்? 21க்கு மேல் எத்தனை கிலோ என்பது. அது தெரிய வேண்டுமானால்? மொத்தம் எத்தனை கிலோ என்பது. அது நேரடியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறதா? இல்லை, ஆனால் காலையும் பிற்பகலும் கொடுக்கப்பட்டிருக்கின்றன. இப்படிப் பின்னோக்கி வந்து, எங்கே கை வைக்க முடியுமோ அங்கிருந்து முன்னோக்கிச் செய்தால் 31 கிலோ, பிறகு 10 கிலோ, பிறகு 20 ரூபாய் என்று வரும். கணக்கில் எழுதப்படாத இடைக் கேள்விகளைக் குழந்தையே ஒரு வரியாக எழுதட்டும். நீங்கள் செய்ய வேண்டியது, "இது தெரிய வேறு எது தெரிய வேண்டும்?" என்ற கேள்வியை மட்டும் கேட்பது. எண்ணையோ செயலையோ சொல்ல வேண்டாம்.

முதல் படியோடு நின்றுவிடும் பழக்கத்துக்கு ஓர் எளிய வழி, விடையை ஒருபோதும் வெறும் எண்ணாக எழுத விடாமல் இருப்பது. 31 என்று எழுதினால், "31 என்ன?" என்று கேளுங்கள். கிலோ என்று சொன்ன கணமே, கேட்டது ரூபாய் ஆயிற்றே என்று அவளுக்குத் தெரிந்துவிடும். விடையை முழு வாக்கியமாக, அலகோடு எழுதும் பழக்கம் எல்.எஸ்.எஸ். தேர்வுக்கும் உதவும். தேர்வுக்காக ஒரே நாளில் இருபது கணக்குகள் செய்வதைவிட, நாளுக்கு இரண்டு கணக்குகளைக் கதை, படம், கணக்கு, வாக்கியம் என்று முழுமையாகச் செய்வதையே நான் விரும்புவேன்.

மறுமொழி 5: குமுளி வாசகர்

இந்த உரையாடலை ஆர்வத்தோடு படித்தேன். என் மகன் இரண்டாம் வகுப்பில் இருக்கிறான். தமிழ் வாசிப்பே இன்னும் எழுத்துக்கூட்டித்தான். அவனுக்கும் இதையெல்லாம் இப்போதே தொடங்கலாமா, வாசிப்பு நன்கு வந்த பிறகு தொடங்கலாமா?

மறுமொழி 6: குப்பம் தாத்தா

தம்பி, காத்திருக்க வேண்டாம். அவன் வாசிக்காவிட்டாலும் நீங்கள் வாய்மொழியாகச் சொல்லலாம். கணக்கை இரண்டு முறை நிதானமாகச் சொல்லுங்கள். அவன் திருப்பிச் சொல்லட்டும். பிறகு புளியங்கொட்டையோ ஏலக்காயோ கையில் இருப்பதை வைத்து நடித்துக் காட்டட்டும். எண்கள் இருபதுக்குள் இருக்கட்டும். கடைசியில் எத்தனை என்று மட்டும் கேட்காமல், முதலில் எத்தனை இருந்தது, நடுவில் எத்தனை போயிற்று என்றும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். 12 ஏலக்காய் இருந்தது, கொஞ்சம் அக்காவுக்குக் கொடுத்தாய், இப்போது 7 இருக்கிறது, அக்காவிடம் எத்தனை என்று கேட்டு, உள்ளங்கையை மூடிக்கொள்ளுங்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கும் நேரத்தைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் வாசிப்பையும் கணக்கையும் அவன்மேல் ஏற்ற வேண்டாம். சரளமாக வாசிக்கத் தொடங்கியதும், வாயால் சொல்லிப் பழகிய அதே கணக்குகளை எழுதிக் கையில் கொடுங்கள்.